தெருமுனைக் குடிநீர் நிலையம்: மூன்று வருஷம் குடித்துப் பார்த்த பிறகு

குமரி மாவட்டத்துத் தாமிரபரணி (குழித்துறை ஆறு, நெல்லைத் தாமிரபரணி இல்லை) கடலில் சேரும் தேங்காப்பட்டணம் பக்கம் எங்கள் வீடு. கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கும், சோறு வெந்தாலும் ருசி வராது. அதனால் ஒரு கம்பெனி சிஎஸ்ஆர் பணத்தில் (சமூகப் பணிக்கென்று ஒதுக்கும் பணம்) தெருமுனையில் ஆர்ஓ நிலையம், அதாவது தண்ணீரின் உப்பை வடிகட்டும் நிலையம், திறந்தபோது குடத்தோடு முதலில் போய் நின்றது நான்தான். 20 லிட்டர் 5 ரூபாய். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் 80 காட்டியது, தேயிலை போட்டால் தேயிலை ருசி தெரிந்தது.

எட்டாவது மாதம் அதே மீட்டரில் 900. உப்பை வடிகட்டும் சவ்வு, அதுதான் மெம்பிரேன், போய்விட்டது. சுவரில் எழுதியிருந்த நம்பருக்கு எத்தனை தடவை கூப்பிட்டும் யாரும் எடுக்கவில்லை. பொம்பளைகள் பழையபடி கேன் தண்ணீருக்கு 35 ரூபாய் கொடுத்தார்கள்.

கூட்டுறவு வங்கியில் 31 வருஷம் லெட்ஜர் பார்த்தவள் நான். அந்தக் கம்பெனியில் கொஞ்சம் பங்கும் வைத்திருக்கிறேன். ஆண்டறிக்கையை எடுத்து சிஎஸ்ஆர் இணைப்பைத் தேடினேன். எங்கள் நிலையம் 'முடிந்தது' என்று ஒரே வரி. செலவுத் தொகை சரியாக இருந்தது. பராமரிப்புக்கு ஒரு பைசா கிடையாது.

2013 கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி, பெரிய கம்பெனிகள் முந்தைய 3 வருஷச் சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவழிக்க வேண்டும். லாபம் வந்தால்தான் இந்தத் தானம். ஆகவே நிறையக் கொடுக்கிற கம்பெனி நன்றாக ஓடுகிறது என்றால் அதில் ஆச்சரியம் இல்லை, கொடுத்ததால்தான் ஓடுகிறது என்றும் சொல்லிவிட முடியாது. நிர்வாகம் நேர்மையானது என்பதற்கும் அது சாட்சி ஆகாது. ஆயிரக்கணக்கான உயிரைக் காப்பாற்றிய 108 ஆம்புலன்ஸ் சேவையை 2005இல் ஹைதராபாத்தில் தொடங்கியவர் சத்யம் என்ற கம்ப்யூட்டர் கம்பெனியின் தலைவர் ராமலிங்க ராஜு. அதே ராஜுதான் 2009 ஜனவரி 7 அன்று, கம்பெனிக் கணக்கில் காட்டிய ஆயிரக்கணக்கான கோடி பொய் என்று தானே ஒப்புக்கொண்டு கடிதம் எழுதினார். அந்தச் செய்தியை வங்கியில் வாசித்தபோது கை நடுங்கியது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

காணொளியில் நடந்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பேசப் பெயர் கொடுத்தேன். "எங்க ஊர்த் தண்ணி இப்போ எத்தனை டிடிஎஸ், சொல்லுங்க சார்" என்று கேட்டேன். பதில் வரவில்லை. ஆனால் சிஎஸ்ஆர் குழுவில் இருந்த ஒரு தனி இயக்குநர் (நிர்வாகத்தைச் சாராத இயக்குநர்) மறுவாரமே ஃபோனில் அழைத்து முக்கால் மணி நேரம் கேட்டுக்கொண்டார். அந்த மாதமே மெம்பிரேன் மாற்றினார்கள். நிலையத்தை எங்கள் மகளிர் குழுவிடம் ஒப்படைத்து, ஐந்து வருஷப் பராமரிப்புக்கும் கையெழுத்துப் போட்டார்கள். இப்போது தினம் காலையில் டிடிஎஸ் எண்ணைச் சாக்பீஸால் பலகையில் எழுதுகிறோம். இன்று 92.

நான்கு நட்சத்திரம். கழிவுத் தண்ணீரை இன்னமும் பக்கத்துத் தென்னந்தோப்பில்தான் விடுகிறார்கள், தென்னை மரத்து அடியில் உப்புப் பூத்துக் கிடக்கிறது. அடுத்த பொதுக்கூட்டத்துக்கும் பெயர் கொடுத்துவிட்டேன்.