எத்தனை அடி தள்ளி நிற்பீர்கள்? தெருப் படத்துக்கு நாலு கருவிகள்

தெருவில் படம் எடுக்க ஆசைப்படுகிறவர் முதலில் கேட்பது, "எந்தக் கேமரா வாங்கலாம்?" என்பதுதான். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். நாலு விதமான கருவிகளோடு பல வருஷம் சுற்றிய பிறகு, கேள்வியை வேறு மாதிரி கேட்டிருக்கலாம் என்று தோன்றுகிறது. முன்பின் தெரியாத ஓர் ஆளிடமிருந்து எத்தனை அடி தள்ளி நின்று படம் எடுக்க உங்களுக்குத் தைரியம் வரும்? அந்த எண் தெரிந்துவிட்டால் கருவி பாதி முடிவாகிவிடும்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். ஐந்தடி ஏழங்குல ஆள் ஒருவர், கேமராவைப் படுக்கைவாக்கில் பிடித்தால் தலை முதல் கால் வரை ஃபிரேமின் உயரத்தை நிறைக்க வேண்டும். லென்ஸின் மி.மீ. எண் குறைந்தால் காட்சி அகலும், கூடினால் தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும். 28 மி.மீ. லென்ஸ் என்றால் சுமார் 6.5 அடியில் நிற்க வேண்டும். 35 மி.மீ. என்றால் 8 அடி. 50 மி.மீ. என்றால் 11.5 அடி. 200 மி.மீ. என்றால் 46 அடி. (எல்லாம் ஃபுல் ஃபிரேம், அதாவது 36×24 மி.மீ. சென்சார் கணக்கு. சின்ன சென்சார் என்றால் அதற்குச் சமமான அளவை எடுத்துக்கொள்ளுங்கள்.) இந்த நாலு எண்களும் நாலு வகை மனுஷர்கள்.

நான் ஆரம்பித்தது 46 அடியில். 70-200 ஜூம் லென்ஸ், டிஎஸ்எல்ஆர் என்கிற பெரிய கேமரா. தூரத்தில் நின்றால் யாருக்கும் தொந்தரவு இல்லை என்பது என் நினைப்பு. ஒருநாள் சாலையின் இந்தப் பக்கம் நின்று, எதிர்ப்பக்கம் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒருவரை எடுத்தேன். மூன்றாவது படத்தில் நிமிர்ந்து பார்த்தார். சிக்னல் விழும்வரை காத்திருந்து, நிதானமாகச் சாலையைக் கடந்து நேரே என்னிடம் வந்தார். "எதுக்கு என்னை எடுத்தீங்க?" என்று கேட்டார். கோபம்கூட இல்லை, அதுதான் சங்கடம். அவர் கண்ணெதிரிலேயே படங்களை அழித்தேன். 8 அடியில் நின்று எடுப்பவன் படம் எடுப்பவனாகத் தெரிகிறான். 46 அடியிலிருந்து குழாய் நீட்டுபவன் வேவு பார்ப்பவனாகத் தெரிகிறான். நீளமான லென்ஸ் நம்மை மறைக்காது, காட்டிக்கொடுக்கும்.

படமாகவும் அது தோற்றது. அவர் முகம் இருந்தது, தெரு இல்லை. பின்னணி முழுக்கக் குழைந்துபோய், எந்த ஊரில் வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம் போல இருந்தது. அதற்காக லென்ஸை மட்டும் குறை சொல்ல முடியாது. நியூயார்க்கில் சால் லைட்டர் நீள லென்ஸையும் வைத்துக்கொண்டுதான் நீராவி படிந்த கண்ணாடி, குடை, பனி, பாதி மறைந்த ஆள் என்று அடுக்கடுக்காக வண்ணப் படங்கள் எடுத்தார். அவருக்கு முகம் தேவைப்படவில்லை. எனக்கு முகம் மட்டுமே தேவைப்பட்டது. வித்தியாசம் அங்கே.

அடுத்து கைபேசி. இதைத் தாழ்த்திப் பேசுகிற கூட்டத்தில் நான் இல்லை. ஒளிந்துகொள்ள இதைவிட நல்ல கருவி கிடையாது. கையில் கைபேசியோடு நிற்கிறவனை நகரத்தில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பெரும்பாலான கைபேசிகளின் முதன்மை லென்ஸ் 24 முதல் 26 மி.மீ.க்குச் சமம். அதாவது 28-ஐ விடவும் கிட்டே போயாக வேண்டும். கூச்சம் போக நல்ல பயிற்சி.

சிக்கல் வேகத்தில். சுரங்க ரயில் நிலையப் படிக்கட்டின் உச்சியில், ஒரு பெண் குடையை மடக்கி ஒரு உதறு உதறினார். பின்னாலிருந்து வெளிச்சம். துளிகள் வட்டமாகச் சிதறின. நான் பையிலிருந்து கைபேசியை எடுத்து, திரையைத் திறந்து, கேமராவைத் தட்டி, நிமிர்ந்தபோது அவர் நாலு படி இறங்கியிருந்தார். முன்பே கையில் திறந்து வைத்திருந்தாலும் வெயிலில் திரை தெரியாது, விரல் வேறு எங்கோ தொட்டு ஃபோகஸ் மாறும். ஒலியைக் கூட்டும் பொத்தானை ஷட்டராகப் பயன்படுத்தினால் கொஞ்சம் தப்பிக்கலாம். இரவில் இன்னொரு வம்பு. கைபேசி பல படங்களை அடுக்கிச் சேர்த்து ஒன்றாக்குகிறது. கட்டடம் தெளிவாக வரும், நடக்கிற ஆள் பிசுபிசுவென்று இழுபடுவார். தெருப் படத்தில் நமக்கு வேண்டியது ஆள்தானே?

மூன்றாவது, பாக்கெட்டில் போகிற 28 மி.மீ. கேமரா. இந்த வகைக்கு எல்லோரும் சொல்கிற பெயர் ரிக்கோ ஜிஆர். 2019-இல் வந்த ஜிஆர் 3, பேட்டரியும் கார்டும் சேர்த்து 257 கிராம்தான். ஃபுல் ஃபிரேமைவிடச் சின்ன ஏபிஎஸ்-சி சென்சார், 24 மெகாபிக்சல். இதன் உண்மையான வித்தை 'ஸ்னாப் ஃபோகஸ்'. முன்பே தூரத்தைச் சொல்லிவைத்துவிட்டால், பொத்தானை ஒரே அழுத்தாக அழுத்தும்போது ஃபோகஸ் தேடாமல் அந்தத் தூரத்திலேயே எடுத்துவிடும்.

இது ஏன் வேலை செய்கிறது? 28-க்குச் சமமான இதன் லென்ஸ் உண்மையில் 18.3 மி.மீ.தான். அபெர்ச்சர், அதாவது லென்ஸின் திறப்பு, எஃப் 8, தூரம் 2.1 மீட்டர் என்று வைத்தால், ஏறத்தாழ 1 மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம்வரை எல்லாம் தெளிவு. அதே சென்சாரில் 35-க்குச் சமமான லென்ஸுக்கு 3.3 மீட்டரில் வைக்க வேண்டும், தெளிவு 1.65 மீட்டரில்தான் தொடங்கும். 50-க்குச் சமமானதற்கு 6.8 மீட்டரில் வைத்தால் தெளிவு 3.4 மீட்டரிலிருந்துதான். லென்ஸ் நீள நீள, ஃபோகஸ் பார்க்காமல் எடுக்கிற சுதந்திரம் இப்படிச் சுருங்குகிறது. ஷட்டர் வேகத்தை 1/500 விநாடியில் நிறுத்தி, ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறனை) கேமராவிடம் விட்டுவிடுங்கள். சாதாரணமாக நடப்பவர் ஒரு விநாடிக்கு 1.4 மீட்டர் போகிறார். 1/60-இல் அவர் 2 செ.மீ.க்கு மேல் நகர்ந்திருப்பார், 1/500-இல் 3 மி.மீ.கூட இல்லை.

குறைகளும் உண்டு. கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் இல்லை. பேட்டரி 200 படத்துக்குத்தான் என்று ரிக்கோ நிறுவனமே சொல்கிறது, கூடுதல் பேட்டரி இல்லாமல் இறங்கக் கூடாது. ஆனால் பெரிய குறை கேமராவில் இல்லை, 28-இல். எல்லாம் உள்ளே வந்து விழும். ஓரத்தில் அரைத் தலை, மூலையில் ஒரு குப்பைத்தொட்டி, நடுவே கம்பம். கேரி வினோகிராண்ட் போன்றவர் 28-ஐ வைத்துக்கொண்டு அத்தனை கூட்டத்தையும் ஒரு ஃபிரேமுக்குள் அடக்கினார். எனக்கு அது கைவர ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. வந்தது என்று சொல்வதும் கொஞ்சம் அதிகப்படிதான். இன்னும் கிட்டே போய் முகத்துக்கு நேரே ஃபிளாஷ் அடிக்கும் புரூஸ் கில்டன் வழி ஒன்று இருக்கிறது. அதற்கு என்னிடம் தைரியமும் இல்லை, விருப்பமும் இல்லை.

நாலாவது, நான் இப்போது தோளில் மாட்டியிருப்பது: 35-க்குச் சமமான நிலையான லென்ஸ், வியூஃபைண்டர் உள்ள கேமரா. ஃபூஜிஃபில்ம் எக்ஸ்100 வரிசை இதற்கு நல்ல உதாரணம். 2024-இல் வந்த ஆறாவது பதிப்பு 521 கிராம், 40 மெகாபிக்சல், 23 மி.மீ. எஃப் 2 லென்ஸ். ஜிஆரைப் போல இரண்டு மடங்கு கனம், கால்சட்டைப் பையில் போகாது. பிறகு எதற்கு இது?

வியூஃபைண்டருக்காக. அதை ஆப்டிக்கல் முறைக்கு மாற்றினால், கண்ணாடி வழியே உலகம் அப்படியே தெரியும், நடுவில் ஃபிரேமின் கோடு மட்டும் மிதக்கும். கோட்டுக்கு வெளியே இருப்பதும் தெரிகிறது என்பதுதான் விஷயம். சுவரில் சாய்ந்த நிழல் ஒன்றைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு நிற்கிறீர்கள். இடப்பக்கம், கோட்டுக்கு வெளியே, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒரு பையன் வருகிறான். அவன் கோட்டைத் தொடுகிற கணத்தை முன்பே கணித்துவிடலாம். திரையில் பார்க்கிறவனுக்கு அவன் உள்ளே வந்த பிறகுதான் தெரியும், அப்போது கால் கணம் பிந்திவிட்டது. அபெர்ச்சருக்கு ஒரு வளையமும் ஷட்டர் வேகத்துக்கு ஒரு திருகியும் தனித்தனியே இருப்பதால், கேமராவை இயக்குவதற்கு முன்பே எல்லாம் தயார். ஷட்டர் சத்தமும் காதில் விழுந்தால் உண்டு.

அப்போது 50? ஹென்றி கார்ட்டியே-பிரெஸ்ஸோன் பெரும்பாலும் லைக்கா கேமராவில் 50-ஐத்தான் வைத்திருந்தார். லென்ஸ் மாற்றக்கூடிய மிரர்லெஸ் கேமரா ஒன்று ஏற்கெனவே இருந்தால் சின்ன 50-ஐ மாட்டிப் பாருங்கள். இது நடந்துகொண்டே எடுப்பவருக்கானதல்ல, கொக்கு மாதிரி நிற்பவருக்கானது. நல்ல வெளிச்சம் விழும் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு, சரியான ஆள் வரும்வரை அசையாமல் இருக்க வேண்டும். கூச்ச சுபாவம் உள்ளவருக்கு ஜூமை விட இது எவ்வளவோ மேல், ஏனென்றால் நீங்கள் முதலில் வந்துவிட்டீர்கள், அவர்கள்தான் உங்கள் முன்னால் நடந்து போகிறார்கள். மடக்கித் திருப்பும் திரை இருந்தால் இன்னும் வசதி. விவியன் மாயர், மேலிருந்து பார்க்கும் ரோலிஃபிளெக்ஸ் கேமராவை வயிற்றருகே பிடித்துக் குனிந்து பார்த்து எடுத்தார். கண்ணுக்கு நேரே கேமரா உயராதபோது எதிரில் இருப்பவர் விறைப்பதில்லை.

ஃபிலிமைப் பற்றியும் கேட்பீர்கள். சுருளுக்கு 36 படம்தான் என்பது நிதானம் கற்றுத்தரும் என்பார்கள். வினோகிராண்ட் 1984-இல் இறந்தபோது கழுவப்படாத சுருள்கள் மட்டும் சுமார் 2,500 இருந்தன, ஆகவே அந்த வாதத்தை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

இன்று புதிதாகத் தொடங்குகிறவர் எதுவும் வாங்க வேண்டாம். கைபேசியில் ஜூம் தொடாமல் மூன்று மாதம் எடுங்கள். நல்ல படங்கள் கிட்டே போனபோது வந்திருந்தால் 28 வாங்குங்கள். கிட்டே போகவே கால் வரவில்லை என்றால் 50. இரண்டுக்கும் நடுவில் தடுமாறினால், என்னைப் போல 35. என் ஜூம் லென்ஸ் அலமாரியில்தான் இருக்கிறது, பள்ளி விளையாட்டு விழாவுக்கு வெளியே வரும்.

எதை வாங்கினாலும் ஒரு டேப்பை எடுத்து வீட்டுக்குள் அந்தத் தூரத்தை அளந்து பாருங்கள். 8 அடி என்பது என் அறையில் கட்டிலின் தலைமாட்டிலிருந்து ஜன்னல் வரை. தெருவில் யாராவது எதிரில் வரும்போது, அவர் ஜன்னலைத் தொட்டுவிட்டாரா என்றுதான் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.