ஏசி கேஸ்: ஆர்-22, 410ஏ, 32, 290... எது பரவால்ல?

ஏசி வாங்கும்போது எத்தன டன்னு, கரண்ட் எவ்ளோ இழுக்கும்னு எல்லாம் பாக்குறோம், உள்ள என்ன கேஸ் ஓடுதுன்னு மட்டும் கேக்குறதே இல்ல, அவுட்டோர் யூனிட் ஸ்டிக்கர்லயே போட்டிருக்கும்.

பழசுல ஆர்-22. இதுல குளோரின் இருக்கு, அதான் வில்லங்கம். லீக்கானதுல பெரும்பகுதி வழியிலயே சிதைஞ்சிடும், தப்பிச்சு ஓசோன் படலம் இருக்குற ஸ்ட்ராட்டோஸ்பியர் (மேல் வளிமண்டல அடுக்கு) வரைக்கும் போறதுல சூரியனோட யூவி (புற ஊதாக் கதிர்) பட்டு குளோரின் அணு தனியா பிரியும், அது ஒரு ஓசோனை உடைக்கும், ஆனா தான் தேயாம வெளிய வந்து அடுத்ததைப் புடிக்கும், இப்படியே ஆயிரக்கணக்குல. ஓசோன் குறைஞ்சா அந்தக் கதிர்ல ஒரு வகையான யூவி-பி தரைக்கு வர்றது கூடும், தோல் புற்றுநோய், கண்புரைல இருந்து கடல்ல மிதக்குற குட்டி உயிர்களான பிளாங்க்டன் வரைக்கும் அடி. ஆனாலும் பழைய ஃப்ரிட்ஜ்ல இருந்த ஆர்-12ஓட ஓசோன் சேதத்த 1னு வச்சா ஆர்-22க்கு 0.055 தான், அதனாலதான் ஓசோனைக் காப்பாத்த உலக நாடுகள் போட்ட 1987 மான்ட்ரியல் ஒப்பந்தத்துல ஆர்-12ஐ முதல்ல தூக்குனாங்க, ஆர்-22க்கு இன்னும் டைம் குடுத்தாங்க.

அடுத்து 410ஏ. குளோரினே இல்ல, ஓசோன் சேதம் 0. நல்ல கேஸ்னு கொண்டாடுனாங்க, ஆனா பூமியச் சூடாக்குறதுல 100 வருஷக் கணக்குல கார்பன் டை ஆக்சைடை விட 2,088 மடங்கு, ஆர்-22 கூட 1,810 மடங்குதான்! ஓட்டைய அடைக்கப் போயி அடுப்ப மூட்டுன மாதிரி. 2016ல அந்த மான்ட்ரியல் ஒப்பந்தத்துக்கு கிகாலி திருத்தம் வந்தது இந்த வகை கேஸக் குறைக்கத்தான்.

ஆர்-32 புதுசா எங்கிருந்தோ வந்ததில்ல, 410ஏல பாதி இதுதான், மிச்சப் பாதி ஆர்-125, சூட்டக் கூட்டுறதுல அதான் மோசம். அதக் கழட்டிவிட்டு ஆர்-32 மட்டும்னா 675 மடங்குதான். லேசா தீப்பிடிக்கும், ஆனா சுலபத்துல இல்ல.

ஆர்-290ன்னா புரொப்பேன். ஓசோனுக்கு 0, சூட்டுக்கு ஒத்த இலக்கம்தான், சுற்றுச்சூழல் கணக்குல இத அடிச்சுக்க ஆளில்ல. ஆனா நல்லா பத்திக்கும், காத்த விட கனம், லீக்கானா தரையில தேங்கும், அதனால ரூம் சைஸுக்கு ஏத்த அளவுதான் ஏத்தலாம். தெரிஞ்ச டெக்னீஷியன் இருந்தா என் ஓட்டு இதுக்குத்தான், இல்லன்னா ஆர்-32.

பழைய ஆர்-22 மெஷின்லயே 290ஐ அடைச்சுத் தரேன்னு யாராவது சொன்னா வேண்டவே வேண்டாம், அதோட ஸ்விட்ச், ரிலே எதுவும் எரியுற கேஸுக்குன்னு செஞ்சதில்ல. பழைய மெஷினக் கழட்டும்போது பைப்ப வெட்டி கேஸ காத்துல விடாம ரெக்கவரி சிலிண்டர்ல இழுத்துக்கச் சொல்லுங்க.