மரைன் டேங்க் வைக்கப் போறவங்க கவனத்துக்கு: டைட்டேனியம்னு சொல்லி செம்பு சில்லர், போனது 1,86,000 ரூபாய்

கோபத்தோடதான் எழுதுறேன், அதனால கொஞ்சம் முன்னபின்ன இருக்கும். இன்னைக்கு மத்தியானம் ஏசி மெக்கானிக் ஒருத்தர் வந்து என் கடல் மீன் தொட்டியோட சில்லரை, அதாவது தண்ணியைக் குளிர வைக்கிற மெஷினை, பிரிச்சுக் காட்டினார். உள்ள இருந்தது செம்புக் குழாய். டைட்டேனியம்னு சத்தியம் பண்ணாத குறையா சொல்லி வித்த சில்லர் அது. தொட்டி, ஸ்டாண்ட், லைட், ஸ்கிம்மர் (தண்ணியில இருக்கிற கழிவை நுரையாப் பிரிச்செடுக்கிறது), சில்லர் எல்லாம் சேர்த்து நான் கொடுத்தது 1,86,000 ரூபாய். ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரம்.

கடை பேரைப் போட மாட்டேன். வக்கீல் தோழி ஒருத்தி, "பேரைப் புகார்ல எழுது, இங்க எழுதாதே"ன்னு சொல்லியிருக்கா. வகையை மட்டும் சொல்றேன். கலர் மீன்னா சென்னையில எல்லாருக்கும் கொளத்தூர்தான் ஞாபகம் வரும். இது அந்த மாதிரி ரோட்டோரக் கடை இல்லை. ஒரு வீட்டோட கீழ்த்தளத்துல ஸ்டுடியோன்னு போர்டு மாட்டி, நீல வெளிச்சத்துல ரீல்ஸ் எடுத்துப் போட்டு, "மரைன் மட்டும்தான் செய்வோம்"னு பெருமையடிக்கிற வகை. கொளத்தூர் கடைக்காரங்களைப் பத்தி இந்தக் கடை ஓனர் என்கிட்ட கேவலமாப் பேசினான். "அவங்களுக்கு உப்புத் தண்ணி தெரியாதுக்கா"ன்னான். அந்தக் கடைகள்ல வருஷக்கணக்கா நல்ல தண்ணி மீன் வாங்கியிருக்கேன். செத்த மீனுக்கு மாத்து மீன் கொடுத்த மனுஷங்க அங்க இருக்காங்க.

சில்லர் எதுக்குன்னு தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை. ரீஃப் தொட்டி (மீனோட இறால், நத்தை, அனிமோன்ங்கிற கடல் சாமந்தி எல்லாம் வளர்க்கிற கடல் தொட்டி) 25, 26 டிகிரியில இருக்கணும். மடிப்பாக்கத்துல கத்திரி வெயில்ல எங்க ஹாலே 33 தொடும். அதுக்கு மேல லைட் சூடு, பம்ப் சூடு. ஃபேன் வெச்சா ரெண்டு மூணு டிகிரி இறங்கும், ஆனா தண்ணி ஆவியாகி உப்பு ஏறிக்கிட்டே போகும். 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரத் தொட்டி, ஏறக்குறைய 450 லிட்டர். இந்த ஊர்ல இதுக்கு சில்லர் இல்லாம முடியவே முடியாது. அதனாலதான் மொத்த பில்லுலயே பெரிய தொகை சில்லருக்கு: 64,000. தொட்டி, சம்ப் (அடியில இருக்கிற ஃபில்டர் தொட்டி), ஸ்டாண்ட் சேர்த்து 58,000. எல்இடி லைட் 28,000. ஸ்கிம்மர், ரிட்டர்ன் பம்ப், வேவ்மேக்கர் (அலை உண்டாக்கிற பம்ப்) 24,000. உப்பு, பாறை, மணல் 12,000. கூட்டிப் பாருங்க. 1,86,000.

இப்ப அந்த ஆள் வீட்டுக்கு வந்த நாளைப் பத்திச் சொல்லணும். எனக்கு அதுதான் ஆறவே மாட்டேங்குது. அளவெடுக்க வந்தான். செருப்பை வாசல்லயே விட்டுட்டு வந்து அம்மாவுக்கு வணக்கம் சொன்னான். ரசமட்டம் வெச்சுத் தரையைப் பார்த்தான். "தண்ணி, கல்லு, ஸ்டாண்ட் எல்லாம் சேர்ந்து அரை டன்னுக்கு மேல வரும்க்கா, நடு ஹால்ல வேணாம், பீம் ஓடுற சுவரை ஒட்டி வெச்சுக்கலாம்"னான். ஜன்னல் பக்கம் வேணாம், வெயில் பட்டா பாசி பிடிக்கும்னான். எங்க தெரு போர் தண்ணிக்கு டிடிஎஸ் மீட்டர் (தண்ணியில கரைஞ்சிருக்கிற உப்பை அளக்கிறது) நாலு இலக்கம் காட்டும். அதைப் பார்த்துட்டு, "சாதா ஆர்ஓ போதாது, டிஐ ஃபில்டரும் சேர்த்துப் போட்டு சைபர் வரணும், இல்லன்னா சிலிகேட்டும் பாஸ்பேட்டும் உள்ள வந்துடும்"னான். எல்லாம் சரியான பேச்சு. நான் படிச்சு வெச்சிருந்ததோட ஒத்துப்போச்சு. அம்மா கொடுத்த காபியைக் குடிச்சுக்கிட்டே சில்லரைப் பத்தி அவனாத்தான் ஆரம்பிச்சான்.

"அக்கா, ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க. மார்க்கெட்ல சீப்பா சில்லர் கிடைக்கும். உள்ள செம்பு காயில் இருக்கும். உப்புத் தண்ணி செம்பை அரிச்சுடும். மீன் தாங்கும், ஆனா இறால், நத்தை, அனிமோன் ஒண்ணு மிஞ்சாது. நாங்க டைட்டேனியம் தவிர எதையும் தொட மாட்டோம்."

இதை அவன் வாயாலேயே சொன்னான். தெரியாம வித்துட்டான்னு யாராவது வக்காலத்து வாங்க வந்தா இந்த ஒரு வரியைத் திரும்பப் படிங்க. விஷம் எதுன்னு எனக்குப் பாடம் எடுத்துட்டு அதையே கொண்டு வந்து மாட்டிட்டுப் போயிருக்கான்.

அட்வான்ஸ் கூட அன்னைக்கு வாங்கலை. "உங்களுக்கு நம்பிக்கை வந்ததும் கொடுங்கக்கா"ன்னு எழுந்து போயிட்டான். அடுத்த வாரம் போன். சில்லர் ஸ்டாக் துறைமுகத்துக்கு வந்திருக்கு, முழுப் பணமும் போட்டா இதே விலைக்கு எடுத்துடலாம், டாலர் ஏறுதுன்னான். ஜிபே நம்பர் அனுப்பினான். அதுல வந்த பேர் வேற யாரோட பேரோ. கேட்டா "அது என் வொய்ஃப் அக்கவுண்ட்டுக்கா". பில் கேட்டா, "பில் போட்டா ஜிஎஸ்டி சேரும், உங்களுக்குத்தான் நஷ்டம், வாட்ஸ்அப்ல எஸ்டிமேட் இருக்கே, அதுவே பில் மாதிரிதான்". ரெண்டு தவணையா 1,86,000 ரூபாயும் போச்சு.

வேலை என்னவோ சுத்தமாத்தான் செஞ்சான். பைப் எல்லாம் அழகா ஒட்டினான். சில்லர் பின்பக்கம் அரை எச்பி, டைட்டேனியம்னு பளபளன்னு ஸ்டிக்கர். உப்பைக் கலக்கி, உப்பு அளவு பார்க்கிற ரிஃப்ராக்டோமீட்டர்ல 1.025 காட்டிட்டுப் போனான். நானும் அவசரப்படலை. "பாட்டில் பாக்டீரியா ஊத்தி மூணு நாள்ல மீன் விட்டுடலாம்"னு அவன் சொன்னதைக் கேட்கலை. கழிவைச் சரி பண்ற பாக்டீரியா தானா வளரணும்னு, அம்மோனியா ஏறி, நைட்ரைட் ஏறி, ரெண்டும் சைபருக்கு இறங்கி, நைட்ரேட் மட்டும் நிக்கிற வரைக்கும் ஒரு மாசத்துக்கு மேல வெறும் தண்ணியைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டு மாமா தினமும் எட்டிப் பார்த்து, "என்னம்மா, கல்லுக்கு ஏசி போட்டிருக்கியா?"ன்னு கேட்பார்.

அப்புறம் ரெண்டு க்ளௌன் மீன் விட்டேன். ஹேட்சரியில பிறந்த மீன். க்ளௌனைக் கடல்லதான் பிடிக்கணும்னு இல்லை, மண்டபத்துல மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமே குஞ்சு பொரிக்க வெச்சு வளர்க்கிற முறையைக் கொண்டு வந்திருக்கு. மீன் நல்லா தின்னுது. கொஞ்ச நாள் கழிச்சு நத்தை விட்டேன். மறுநாளே எல்லாம் கண்ணாடியில இருந்து விழுந்து மல்லாந்து கிடந்தது. க்ளீனர் ஷ்ரிம்ப், அந்தச் சிவப்பு முதுகுல வெள்ளைக் கோடு போட்ட இறால், அது துடிச்சுத் துடிச்சு மூலையில ஒடுங்கிச் செத்துச்சு. அனிமோன் வாயைப் பிளந்துக்கிட்டுச் சுருங்கி, கடைசியில கூழாப் போச்சு. மீன் ரெண்டும் ஒண்ணுமே நடக்காத மாதிரி சுத்திக்கிட்டிருந்துது. அம்மோனியா சைபர். நைட்ரைட் சைபர். உப்பு சரி. சூடு சரி.

போன் பண்ணினேன். முதல் பதில், "அக்ளிமேஷன் சரியா பண்ணியிருக்க மாட்டீங்க." சொட்டுச் சொட்டா தண்ணி விட்டுப் பழக்கின வீடியோவை அனுப்பினேன். அப்புறம் "வோல்டேஜ் பிரச்சினையா இருக்கும் மேடம்." ஸ்டெபிலைசர் இருக்கு, இன்வெர்ட்டர் இருக்கு. அப்புறம் "கார்பன் போட்டு, தண்ணி மாத்திப் பாருங்க மேடம்." மாத்தினேன், திரும்ப விட்ட நத்தையும் செத்துச்சு. டெக்னீஷியனை அனுப்புன்னா, ஆடி மாசம், குலதெய்வம் கோயிலுக்குப் போயிருக்கான். ஆவணி வந்தாச்சு, அவன் கோயில்ல இருந்து இறங்கின பாடில்லை. நேர்ல போனா கடைப் பையன், "ஓனர் கஸ்டம்ஸ்ல இருக்கார்"னு கதவைப் பாதி திறந்துக்கிட்டுச் சொல்றான். அதே நேரத்துல ஓனர் புது ரீல் போட்டுக்கிட்டிருக்கான், அதே கடைக்குள்ள இருந்து!

விஷயத்தைக் கண்டுபிடிச்சது எங்கம்மா. மீன் வளர்ப்பு பத்தி ஒண்ணும் தெரியாது. துடைக்கிற துணியோட சில்லர் பக்கம் போனவங்க, குழாய் சேர்ற இடத்தைப் பார்த்துட்டு, "ஏன்டி, இங்க களிம்பு ஏறியிருக்கே, உள்ள செம்பா பித்தளையா?"ன்னு கேட்டாங்க. பச்சையும் நீலமுமா ஒரு படிவு. ஈயம் போன பாத்திரத்துல புளியை வெச்சவங்களுக்குத் தெரியாததா? அன்னைக்கு ராத்திரியே காப்பர் டெஸ்ட் கிட் ஆர்டர் போட்டேன். நிறம் 0.25 கட்டத்துல வந்து நின்னுது. ரீஃப் தொட்டியில இந்த டெஸ்ட்ல நிறமே வரக்கூடாது. மீனுக்கு வெள்ளைப் புள்ளி நோய் வந்தா செம்பு மருந்துதான் போடுவாங்க, அதுக்குக்கூட மீனைத் தனித் தொட்டிக்கு மாத்திட்டுத்தான் போடுவாங்க. காரணம் இதுதான்.

இன்னைக்கு மெக்கானிக் வந்து பிரிச்சதும் மிச்சமும் வெளிய வந்துடுச்சு. ஸ்டிக்கரை உரிச்சா அடியில இன்னொரு ஸ்டிக்கர் இருந்த பசை. "இது வாட்டர் கூலர் கம்ப்ரசர் மேடம், அரை எச்பி எல்லாம் வராது, இங்க யாரோ அசெம்பிள் பண்ணது"ன்னார். காயில் சுத்து சுத்தா செம்பு, பாதி கறுத்து, பாதி பச்சை. ஒவ்வொரு கோணத்துலயும் வீடியோ எடுத்து வெச்சிருக்கேன்.

அந்த வீடியோவை அவனுக்கு அனுப்பினதும், இத்தனை நாள் எடுக்காத போனை அவனே பண்ணினான். மன்னிப்பு கேட்பான்னு நினைக்காதீங்க. முதல்ல, "சில்லரைத் திருப்பிக் கொடுங்க, 8,000 தரேன்." 64,000 ரூபாய் சில்லருக்கு 8,000! ஒத்துக்கலைன்னதும் குரல் மாறிச்சு. "கம்ப்ளெயிண்ட்னு போனீங்கன்னா உங்களுக்குத்தான் மேடம் பிரச்சினை. வீட்டுல பவளம் வெச்சிருக்கீங்கன்னு ஃபாரஸ்ட்டுக்கு ஒரு போன் போதும்."

என் தொட்டியில பவளமே இல்லைங்க. பாறை கூட செயற்கைப் பாறை. பாறை கட்டும் பவளம் எல்லாம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோட முதல் அட்டவணையில 2001ல சேர்த்தாச்சுன்னு எனக்குத் தெரியும், அதனாலதான் வேணாம்னேன். "தூத்துக்குடிப் பக்கம் இருந்து அக்ரோபோரா பவளம் வரும், துண்டு மூவாயிரம், யாருக்கும் தெரியாது"ன்னு எனக்கு மெசேஜ் அனுப்பினது இவன்தான். அந்த மெசேஜ் பத்திரமா இருக்கு. இதே மாதிரி மிரட்டலுக்குப் பயந்துதான் எத்தனை பேர் பணத்தை விட்டுட்டு வாயை மூடிக்கிட்டிருக்காங்களோ. இவன் கிட்ட பவளம் வாங்கினவங்க எப்படிப் புகார் கொடுப்பாங்க? அவனுக்கு அது நல்லாத் தெரியும்.

நஷ்டம் சில்லரோட நிக்கலை. சுண்ணாம்புப் பாறையும் மணலும் செம்பை உறிஞ்சி வெச்சுக்கிட்டு கொஞ்சம் கொஞ்சமா கக்கும். அதை எல்லாம் தூக்கிப் போடணும். கண்ணாடித் தொட்டியைக் கழுவினாலும் சிலிக்கான்ல எவ்வளவு தங்கும்னு பயம். கூட இருந்த லைட்டும் இப்ப சந்தேகமா இருக்கு. ஆகமொத்தம் 1,86,000 ரூபாய்க்கு என்கிட்ட மிச்சம் ரெண்டு க்ளௌன் மீன், ஒரு ஸ்டாண்ட். சில்லர் இல்லாம அந்த மீனுக்கு இப்ப மேல ஃபேன் ஓடிக்கிட்டிருக்கு.

என்ன என்ன பார்த்து வாங்கணும்னு விவரமா எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்ப அதுக்கு மனசு வரலை. அவசரத்துக்குச் சிலது. சில்லரை மாட்ட விடறதுக்கு முன்னாடி தண்ணி போற ஓட்டையில டார்ச் அடிச்சுப் பாருங்க, டைட்டேனியம் சாம்பல் நிறம், செம்பு சிவப்பு. தெரியலைன்னா ஏசி மெக்கானிக்கைக் கூட்டிட்டு வந்து பார்க்கச் சொல்லுங்க. ஸ்டிக்கரை நகத்தால சுரண்டிப் பாருங்க. சீரியல் நம்பரைக் கம்பெனிக்கு அனுப்பிக் கேளுங்க. ஜிஎஸ்டி பில் இல்லாம ஒரு ரூபாய் கொடுக்காதீங்க, அதுல "டைட்டேனியம்"னு எழுத்துல இருக்கணும். பணம் கடை அக்கவுண்ட்டுக்கு மட்டும். முதல்ல ஒரு நத்தையை விட்டுப் பார்த்துட்டு மத்ததை வாங்குங்க. பவளம் விக்கிறேன்னு சொல்ற ஆள்கிட்ட உப்புகூட வாங்காதீங்க.

புகார்: 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ல பதிவு பண்ணிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல 5 லட்சம் வரைக்கும் கட்டணம் இல்லை, ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும், ஆன்லைன்லயே போடலாம். பில் இல்லைன்னாலும் ஜிபே ரசீது, வாட்ஸ்அப் எஸ்டிமேட், மெசேஜ் எல்லாம் காட்டலாம்னு தோழி சொல்றா. இதே வகைக் கடையில ஸ்டிக்கர் மாத்தின சில்லர் வாங்கினவங்க யாராவது இருந்தா கமெண்ட்ல கடை பேர் போடாம எனக்குத் தனியா மெசேஜ் பண்ணுங்க. நாளைக்கு மனு எழுதறோம், சேர்ந்து போட்டா நல்லது.