அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தை: வேடிக்கை பார்க்கப் போகிறவருக்கு ஒரு கணக்கு, வாங்கப் போகிறவருக்கு வேறு கணக்கு

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். குதிரை பார்க்கவும் விலை விசாரிக்கவும் அந்தியூரைவிட நல்ல சந்தை தமிழ்நாட்டில் இல்லை. கறவை மாடு வாங்க இதைவிட நல்ல இடங்கள் பக்கத்திலேயே உண்டு. உழவு மாடு, மலை மாடு, மட்டக்குதிரை எல்லாம் நீங்கள் எந்தக் கிழமை போகிறீர்கள், கூட யாரைக் கூட்டிப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

இடம், ஈரோடு மாவட்டம் அந்தியூரை ஒட்டிய புதுப்பாளையம். ஆடி மாதத் தேர்த் திருவிழா புதன்கிழமை. அன்று தொடங்கி சனிக்கிழமை வரை நான்கு நாள் சந்தை. பெரும்பாலும் ஆகஸ்ட் முதல் பாதியில் வரும், ஆனால் தேதி ஆண்டுக்கு ஆண்டு நகரும் என்பதால் கோயில் அறிவிப்பைப் பார்க்காமல் வண்டிக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம். கொரோனாவால் 2020, 2021 இரண்டு ஆண்டும் நின்றுபோய் 2022-இல்தான் மறுபடி கூடியது. திப்பு சுல்தானின் படைக்கு இங்கிருந்துதான் குதிரை போனது என்பது வழிவழியாக வரும் பேச்சு. இன்றைக்கும் வியாபாரிகள் விலை சொல்லும்போது திப்பு நடுவில் வந்துவிடுவார்.

எந்த நாள் போவது? புதன்கிழமை வாங்கவே கூடாது. குருநாதசாமியும் காமாட்சியம்மனும் பெருமாளும் வனக்கோயிலுக்குப் புறப்படும் நாள் அது. ரோடு முழுக்க ஜனம், மேளம், தூசி. குதிரையை ஓட்டிப் பார்க்க இருபதடி இடம் கிடைக்காது. சொல்லும் விலையும் உச்சத்தில் இருக்கும். அன்றைக்குச் சுற்றி வந்து, பிடித்ததைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வியாழன், வெள்ளி காலை 6 மணி முதல் 9 மணி வரைதான் வாங்குகிறவருக்கான நேரம். வெயில் ஏறுவதற்குமுன், குதிரையைத் தண்ணீர் காட்டி உடம்பு தேய்த்து ஒப்பனை செய்வதற்குமுன் பார்த்துவிட வேண்டும். சனிக்கிழமை விலை இறங்கும். வெளிமாநிலத்து வியாபாரி திரும்பிப் போகும் லாரி வாடகையைக் கணக்குப் போட்டு விட்டுக்கொடுப்பார். ஆனால் அதுவரை நிற்பதில் பாதி, நான்கு நாளாகப் பலர் பார்த்து வேண்டாம் என்று விட்டுப்போனது. ஏன் விட்டார்கள் என்பதைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவருக்கு மட்டும்தான் சனிக்கிழமை லாபம்.

குதிரையில் காத்தியவார், மார்வாரி, நொக்ரா, நாட்டுக் குதிரை, மட்டக்குதிரை எல்லாம் வரும். காத்தியவார், மார்வாரி இரண்டுக்கும் காது உள்வளைந்து நுனி ஒன்றையொன்று தொடப் பார்க்கும். காத்தியவார் குஜராத்தின் சௌராஷ்டிரத்துக் குதிரை. சற்றுக் குட்டை, முகம் லேசாகக் குழிந்திருக்கும். மார்வாரி ராஜஸ்தானத்தது, பொதுவாக உயரம் கூடுதல். இரண்டும் கலந்த குதிரையை எது விலை போகிறதோ அந்தப் பெயரில் விற்பார்கள். வளர்க்கவும் சவாரிக்கும் என்றால் இனப் பெயருக்காகக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை. இனப்பெருக்கத்துக்கு என்றால் தாய், தகப்பன் பதிவுத்தாள் இல்லாமல் வாங்காதீர்கள்.

வெள்ளைக் குதிரையில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். மூக்கையும் கண்ணைச் சுற்றியும் பாருங்கள். தோல் இளஞ்சிவப்பாக இருந்தால் நொக்ரா. தோல் கறுப்பாக, முடி மட்டும் வெள்ளையாக இருந்தால் அது வயதாக வயதாக வெளுத்த சாம்பல் குதிரை. கல்யாண ஊர்வலத்துக்கு இரண்டும் ஒன்றுதான், விலைதான் ஒன்றில்லை. நொக்ராவுக்கு மூக்குத் தோல் வெயிலில் வெந்து வெடிக்கும். நிழல் கொட்டகை இல்லாதவர் வாங்க வேண்டாம். சாம்பல் குதிரை என்றால் வாலைத் தூக்கி அடியில் தடவிப் பாருங்கள். வயதான சாம்பல் குதிரைகளுக்கு அங்கே கறுப்புக் கட்டிகள் வருவது சகஜம்.

வயதை வாயில்தான் பார்க்க வேண்டும், வியாபாரியின் வாயில் அல்ல. கீழ்த்தாடையில் முன்பற்கள் 6. நடு இரண்டு நிலைப்பல் இரண்டரை வயதில் வரும், அடுத்த இரண்டு மூன்றரையில், ஓரத்து இரண்டு நாலரையில். 5 வயதில் வாய் நிறைந்துவிடும். அதற்குமேல் கீழ்ப்பல்லின் தேயும் முகத்தில் உள்ள கருங்குழியைக் கவனிக்க வேண்டும்: நடுப்பல்லில் சுமார் 6 வயதில் மறையும், அடுத்ததில் 7, ஓரப்பல்லில் 8. பத்து வயதைத் தொட்டால் மேல்தாடை ஓரப்பல்லில் ஈறை ஒட்டி ஒரு பழுப்புக் கோடு தலைகாட்டும்; 15 வயதில் பல்லின் பாதி வரை, 20 வயதில் அடிவரை இறங்கும். எட்டு வயது என்று சொல்லும் குதிரைக்கு அந்தக் கோடு பாதிப்பல் வரை இருந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

அடுத்தது கால். சந்தையில் நாட்டியக் குதிரையைச் சுற்றித்தான் கூட்டம் நிற்கும். மேளத்துக்குக் காலைத் தூக்கி வைப்பது பழக்கத்தில் வந்தது. கால் நன்றாக இருக்கிறது என்பதற்கு அது சாட்சி இல்லை. சொல்லப்போனால் அந்தத் துள்ளலில் சிறு நொண்டல் தெரியவே தெரியாது. மேளத்தை விட்டுத் தள்ளிக் கூட்டிவரச் சொல்லுங்கள். கெட்டியான தரையில், பிடிகயிற்றைத் தளர்த்தி, முப்பது மீட்டராவது நேராகத் துள்ளு நடையில் ஓட்டச் சொல்லி எதிரில் நின்று பாருங்கள். முன்னங்காலில் வலி இருந்தால் அந்தக் கால் தரையில் படும்போது தலை மேலே எழும், நல்ல கால் படும்போது தாழும். பின்னங்கால் என்றால் பின்னால் நின்று இடுப்பைக் கவனியுங்கள். வலிக்கிற பக்கம் கூடுதலாக ஏறி இறங்கும். பிறகு இரண்டு பக்கமும் சின்ன வட்டம், கடைசியில் நாலடி பின்னோக்கி நடை. கயிற்றை வாய்க்குப் பக்கத்தில் இறுக்கிப் பிடித்தே ஓட்டுகிறார் என்றால் தலை ஆடுவதை மறைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வலி ஊசி போட்டு நிறுத்துவதும் உண்டு. அதற்கு மருந்து, அதே குதிரையை மறுநாள் காலை, கட்டுத்தறியிலிருந்து அவிழ்த்தவுடன் மறுபடி பார்ப்பதுதான்.

குளம்பைத் தொட்டு நான்கையும் ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் சூடாக இருந்தால் சந்தேகம். குளம்பின் மேல் வரும் வளையங்கள் முன்பக்கம் நெருங்கி, குதிகால் பக்கம் அகன்று போனால் எப்போதோ குளம்பு வீக்கம் வந்து போயிருக்கிறது. அந்தக் குதிரை சவாரிக்கு ஆகாது. ஓட்டிவிட்டு வந்ததும் விலாவைப் பார்த்து மூச்சை எண்ணுங்கள். ஓய்வில் நிமிடத்துக்கு 10 முதல் 16 வரை இருக்க வேண்டியது, கால் மணி நேரமாகியும் இறங்கவில்லை என்றால் நுரையீரலிலோ இதயத்திலோ கோளாறு இருக்கலாம். கண்ணுக்கு முன்னால் கையை ஆட்டும்போது காற்று படாமல் ஆட்டுங்கள். காற்றுக்கே சிமிட்டும் குருட்டுக் கண்ணும் இருக்கிறது.

சுழி, அதாவது உடம்பில் முடி சுழன்று நிற்கும் இடம், பற்றி ஒரு வார்த்தை. குதிரைக்கு தேவமணி, மாட்டுக்கு கோபுர சுழி, லட்சுமி சுழி இருந்தால் விலை ஏறும். பாடை சுழி, முக்கண் சுழி, விலங்கு சுழி இருந்தால் ஆளே திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நம்புகிறீர்களோ இல்லையோ, திரும்ப விற்கும்போது உங்களிடம் வாங்குகிறவர் நம்புவார். வைத்துக்கொள்ளவே வாங்குகிறவருக்கோ, கால் நன்றாக இருந்து சுழி மட்டும் கெட்ட உருப்படிதான் சந்தையில் மலிவான நல்ல சரக்கு.

மாட்டுப் பக்கம் வந்தால் முதலில் பர்கூர் மலை மாடு. செம்பழுப்பில் வெள்ளைத் திட்டு, நெருக்கமான உடம்பு, பேர்போன முரட்டுத்தனம். அந்தியூருக்கு மேலே இருக்கும் பர்கூர் மலைதான் அதன் சொந்த ஊர் என்பதால் இந்த இனத்துக்கு அந்தியூர் சரியான இடம். ஆனால் திறந்த பட்டியில் மேய்ந்து பழகியதைத் தனியாகக் கட்டிப் போட்டால் முதல் ஒரு மாதம் கயிற்றோடு மல்லுக்கு நிற்கும். பழக்கத் தெரிந்த ஆள் வீட்டில் இல்லையென்றால் பல் போடாத கன்றாக வாங்குவது நல்லது. காங்கேயம் மாடும் வரும், நல்லதாகவே வரும். ஆனால் காங்கேயத்துக்கு என்றே தேடுகிறவர் சித்திரையில் கண்ணபுரம் சந்தைக்குப் போவது மேல். அங்கே தேர்வு அதிகம். காங்கேயக் கன்று பிறக்கும்போது செவலையாக இருந்து ஆறு மாதத்தில்தான் நிறம் மாறும் என்பது தெரியாமல், சிவப்புக் கன்றைக் கலப்பு என்று ஒதுக்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

மாட்டுக்குக் கீழ்த்தாடையில்தான் முன்பல், மொத்தம் 8. இரண்டு பல் என்றால் சுமார் 2 வயது. கடை சேர்ந்தது, அதாவது எட்டுப் பல்லும் முளைத்தது என்றால் 4 வயதை ஒட்டி. அதற்குமேல் தேய்மானத்தையும் பல்லுக்கு இடையே விழும் இடைவெளியையும் பார்த்துத்தான் சொல்ல முடியும். கொம்பு வளையத்தை நம்ப வேண்டாம். சந்தைக்கு வருமுன் கொம்பு சீவி எண்ணெய் தடவியிருப்பார்கள், வளையம் அதோடு போய்விடும். உழவு மாடு சோடியாக இல்லாமல் ஒற்றையாக வாங்கினால் நுகத்தில் வலப்பக்கம் பூட்டிப் பழகிய வலத்து மாடா, இடப்பக்கம் பழகிய இடத்து மாடா என்று கேட்காமல் வாங்காதீர்கள். வீட்டில் நிற்பதும் வலத்து, வாங்கியதும் வலத்து என்றால் ஏர் கோணித்தான் போகும். சும்மா நடத்திக் காட்டுவது போதாது, நுகத்தில் பூட்டிப் பாரம் இழுக்க வைத்துப் பார்க்க வேண்டும்.

கறவை? வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. முந்தின நாள் கறக்காமல் பால் கட்டி வைத்தால் எந்த மடியும் பெரிதாகத்தான் தெரியும். மாலை ஒருமுறை முழுக்கக் கறந்து, மறுநாள் காலை அதே ஆள் முன்னால் மறுபடி கறந்து பார்த்தால்தான் உண்மை அளவு தெரியும். திருவிழாக் கூட்டத்தில் அது நடக்காத காரியம். வியாழக்கிழமை கூடும் ஈரோடு கருங்கல்பாளையம் சந்தை கறவைக்குத் தோது. அந்தியூரிலேயே வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், நான்கு காம்பிலும் முதல் பீச்சலைக் கறுப்புத் துணியில் விட்டு, மடி நோயைக் காட்டும் திரி விழுகிறதா என்று பாருங்கள்.

பேரம் துண்டுக்கு அடியில் நடக்கும். தரகர் உங்கள் விரலைப் பிடிப்பார். பிடித்த விரல் எண்ணிக்கைதான் விலை. அந்த எண்ணிக்கை ஆயிரக் கணக்கா, பத்தாயிரக் கணக்கா என்பதைக் கையை நீட்டுமுன் வாய்விட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். தரகு யார் தருவது, எவ்வளவு என்பதையும் அப்போதே பேசிவிட வேண்டும். இருபக்கமும் வாங்கிக்கொள்ளும் தரகர் உங்கள் ஆள் அல்ல. அச்சாரம் கொடுத்தபின் திரும்பக் கிடைக்காது என்ற எண்ணத்தோடு கொடுங்கள். விற்றவர் தன் பழைய கயிற்றை அவிழ்த்துக்கொள்வதும் வாங்கியவர் புதுக் கயிறு போடுவதும் வழக்கம். ஆகவே தலைக்கயிறு, மூக்கணாங்கயிறு இரண்டையும் முன்பே வாங்கி வையுங்கள். சலங்கை, கழுத்து மணி, சாட்டை, கடிவாளம், சேணம் எல்லாக் கடையும் வரிசையாக இருக்கும். கயிறும் மணியும் அங்கேயே வாங்கலாம். சேணம் மட்டும் குதிரையின் முதுகில் வைத்துப் பார்க்காமல் எடுக்காதீர்கள். முள்ளந்தண்டில் உட்கார்ந்தால் ஒரே வாரத்தில் புண்.

சாப்பாடு, தங்குமிடம் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஈரோட்டிலிருந்து பவானி வழியாக முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். பவானியிலோ ஈரோட்டிலோ தங்கி விடியலில் வருவது சுகம். ஆடிக் காற்றுக்குத் தூசி பறக்கும், மூக்கை மூட ஒரு துண்டு, குடிக்கத் தண்ணீர் கட்டாயம்.

ஏற்றிப் போகும்போது கால்நடை மருத்துவரின் சான்று கையில் இருக்கட்டும். 1978-ஆம் ஆண்டு விலங்குகள் போக்குவரத்து விதிப்படி ஒரு சரக்கு லாரியில் 6 மாட்டுக்கு மேல் ஏற்றக்கூடாது. காதில் உள்ள மஞ்சள் வில்லையின் 12 இலக்க எண்ணும் தாளில் உள்ள எண்ணும் ஒன்றா என்று சரிபாருங்கள். கோமாரித் தடுப்பூசி எப்போது போட்டது என்று கேளுங்கள். அது ஆறு மாதத்துக்கு ஒருமுறை போட வேண்டியது. குதிரைக்கு கிளாண்டர்ஸ் ரத்தப் பரிசோதனைத் தாள் கேட்பதில் கூச்சமே வேண்டாம். அது மனிதருக்கும் தொற்றும் நோய்.

வீட்டுக்கு வந்ததும் பழைய உருப்படிகளோடு சேர்க்காமல் மூன்று வாரம் தனியாகக் கட்டுங்கள், தண்ணீர்த் தொட்டியும் தனி. குதிரைக்கு டெட்டனஸ் ஊசி. விற்றவர் என்ன தீனி போட்டார் என்று கேட்டு அதிலேயே நான்கைந்து நாளுக்கு வாங்கி வந்து, 7 முதல் 10 நாளில் கொஞ்சம் கொஞ்சமாக உங்கள் தீனிக்கு மாற்றுங்கள். 300 கிலோ எடையுள்ள குதிரைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 6 கிலோ உலர்தீனி, அதில் பெரும்பகுதி சோளத்தட்டோ புல்லோ. வந்த சந்தோஷத்தில் முதல் நாளே மூன்று கிலோ கொள்ளை அவித்து வைத்தால், ராத்திரியே வயிற்று வலியில் படுத்துப் புரண்டு, விடிவதற்குள் குதிரையே போனாலும் போய்விடும்.