மாம்பழ கிரேட்டா, நீல டிரம்மா, பழைய சூட்கேஸா?

சேலத்திலிருந்து எந்தப் பக்கம் போனாலும் கடலுக்கு நாலைந்து மணி நேரம் ஆகிவிடும். அதனால் எனக்கு ஸ்கூபா என்றால் பாதி முக்குளிப்பு, பாதி மூட்டை கட்டுவது. காற்று சிலிண்டரும், மூழ்குவதற்குக் கட்டிக்கொள்ளும் ஈயக்கட்டியும் போகிற இடத்தில் வாடகைக்குக் கிடைக்கும். பி.சி.டி. (காற்றடைத்து மிதக்க உதவும் சட்டை), ஃபின் (காலில் மாட்டும் துடுப்பு), வெட்சூட் (உடம்போடு ஒட்டிய ரப்பர் உடுப்பு), ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவருவது), மாஸ்க் எல்லாம் சேர்ந்து பத்துப் பன்னிரண்டு கிலோ வரும். அதை எதில் போடுவது?

சொந்தக் காரில் போகிறவருக்கு மாம்பழ கிரேட்டே போதும். சுற்றிலும் ஓட்டை என்பதால் உப்புத்தண்ணீர் வடிந்துவிடும், குழாயடியில் வைத்து அப்படியே அலசலாம். ஃபின் நுனி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அடியில் தார்ப்பாய் விரிக்க மறந்தால் டிக்கி துருப்பிடிக்கும்.

லாரி பார்சலில் அனுப்ப கிரேட் ஆகாது. அதற்கு இரும்பு வளையம் போட்டு இறுக்குகிற, வாய் அகன்ற நீல டிரம்தான். மழையில் கிடந்தாலும் தூக்கிப் போட்டாலும் உள்ளே ஒன்றும் ஆகாது. பழையதாக வாங்கினால் மூக்கை விட்டு முகர்ந்து பாருங்கள். கெமிக்கல் வந்த டிரம் வேண்டவே வேண்டாம், ரெகுலேட்டர் நாம் வாயில் வைத்து மூச்சு விடுகிற சாமான்.

டிரம்மில் ஒரு வேடிக்கை உண்டு. ஏற்காட்டில் இறுக்கி மூடிய டிரம் ஒன்றை, 20 கொண்டை ஊசி வளைவும் இறக்கி, கடற்கரை வரை கொண்டுபோனேன். பார்த்தால் கன்னம் ஒட்டிப்போய்க் கிடக்கிறது, மூடி அசைய மாட்டேன் என்கிறது. மலையேறும்போது சிப்ஸ் பாக்கெட் உப்புமே, அதன் தலைகீழ். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் அடைபட்ட மெலிந்த காற்றைக் கீழே வெளிக்காற்று அமுக்கிவிட்டது. இப்போது காற்றை உள்ளே விட மூடியில் ஒரு திருகு அடைப்பு வைத்திருக்கிறேன்.

பெலிகன் பிராண்டு மாதிரி கெட்டிப் பெட்டிகளில் இதற்கென்றே வால்வு உண்டு. ஆனால் பெரிய அளவில் காலிப் பெட்டியே பத்து கிலோவை நெருங்கும். உள்நாட்டு விமானத்தில் செக்-இன் பொதுவாக 15 கிலோ, கையில் 7 கிலோ. மிச்சத்தில் என்ன அடைப்பது? கேமராவுக்குச் சின்னதாக ஒன்று வாங்கலாம், அவ்வளவுதான். தகர டிரங்குப் பெட்டி உப்பில் துருவேறிப் போகும், அதைப் பேசவே வேண்டாம்.

அந்தமானுக்கு நான் தூக்குவது வீட்டில் கிடக்கும் 28 அங்குலத் துணி சூட்கேஸ். ஃபின் குறுக்கே படுக்கும், காற்றை வெளியேற்றிய பி.சி.டி. அதற்கு மெத்தை. கம்பெனி பெயர் பெரிதாகப் போட்ட டைவ் பை, உள்ளே விலையுள்ள சாமான் இருக்கிறது என்று ஊருக்கே சொல்லும். அழுக்கு சூட்கேஸை யார் சீண்டப் போகிறார்கள்? ரெகுலேட்டர், மாஸ்க், ஆழமும் நேரமும் காட்டும் டைவ் கம்ப்யூட்டர், டார்ச்சின் உதிரி லித்தியம் பேட்டரி எல்லாம் கைப்பையில்.

சூட்கேஸுக்கு ஈரம் ஆகாது. ஆனால் ஆழத்தில் உடம்பில் கரைந்த நைட்ரஜன், உயரத்தில் காற்றழுத்தம் குறைந்தால் குமிழியாகிவிடும் என்பதால், பல டைவ் அடித்தபின் விமானம் ஏறக் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி விடத்தான் வேண்டும், சாமான் அதற்குள் காய்ந்துவிடும். மலைக்காரர்களுக்கும் இந்தக் கணக்கு உண்டு. கடலில் இறங்கிய அன்றே ஏற்காடு ஏறாதீர்கள். சேலத்தில் யார் வீட்டு மொட்டை மாடியிலாவது வெட்சூட்டைக் காயப்போட்டுவிட்டு, மறுநாள் ஏறுங்கள்.