ஹீரோ இம்பல்ஸ்: இஞ்சினைப் பார்த்து வாங்க வேண்டாத வண்டி

பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் முதலில் கிக்கரை உதைத்து இஞ்சின் சத்தத்துக்குத்தான் காது கொடுப்பார்கள். ஹீரோ இம்பல்ஸ் பைக் வாங்க நினைப்பவர்கள் அந்த வழக்கத்தைத் தலைகீழாக மாற்றிக்கொள்வது நல்லது. இஞ்சின் ஓடாமல் கிடந்தாலும் கவலைப்பட வேண்டியதில்லை. டேங்க் கவர், பக்கவாட்டு மூடிகள், முன்விளக்கின் டூம், ஆர்சி எனப்படும் பதிவுச் சான்றிதழ் ஆகியவை முழுமையாக இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்தால் போதும். இரண்டு ஆண்டுகளாக ஒரு தோட்டத்துக் கொட்டகையில் தூங்கிக்கொண்டிருந்த 2012ஆம் ஆண்டு வண்டியை 30,000 ரூபாய்க்கு வாங்கி, 20,000 ரூபாய்க்குள் ஓடவைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டு, கடைசியில் 26,150 ரூபாய் செலவழித்த பிறகு இதை எழுதுகிறேன். கணக்குத் தவறியது இஞ்சினால் அன்று.

ஹோண்டாவிடமிருந்து பிரிந்த ஹீரோ நிறுவனம், ஹீரோ மோட்டோகார்ப் என்ற புதிய பெயரில் 2011இல் கொண்டுவந்த வண்டி இம்பல்ஸ். பிரேசிலில் ஹோண்டா விற்றுவந்த என்எக்ஸ்ஆர் பிராஸ் வண்டியின் சாயலை இதில் தெளிவாகக் காணலாம். பந்தயத் தடத்தில் தாவுகிற வண்டியை மட்டுமே மண்பாதை வண்டி என்று ஒப்புக்கொள்பவர்கள் இதை ஏற்க மாட்டார்கள். விளக்கும் எண் பலகையும் கொண்டு, தார்ச்சாலையிலும் மண்பாதையிலும் ஓடுகிற இரட்டைப் பயன் வண்டி இது. ஆனால் 245 மி.மீ. தரை இடைவெளி, முன்பக்கம் சக்கரத்தைத் தாங்கி 180 மி.மீ. வரை இறங்கும் ஃபோர்க், பின்பக்கம் மோனோ ஷாக் என்ற ஒற்றை அதிர்வுதாங்கி, மேலே தூக்கிய சைலன்சர், 19 அங்குல முன்சக்கரம் ஆகியவற்றோடு, சாமானியர் வாங்கக்கூடிய விலையில் அன்று நம் ஊரில் வேறு வண்டி இல்லை. விற்பனை பெரிதாக இல்லாததால் சில ஆண்டுகளில் உற்பத்தி நின்றது. 2019இல் வந்த எக்ஸ்பல்ஸ் 200 இதன் வாரிசு என்று சொல்லத்தக்கது.

இஞ்சினைப் பற்றி நான் அலட்சியமாகப் பேசுவதற்குக் காரணம் உண்டு. ஹங்க், சிபிஜெட் எக்ஸ்ட்ரீம் ஆகிய வண்டிகளில் இருந்த அதே 149.2 சிசி குடும்பத்தைச் சேர்ந்த இஞ்சின்தான் இதிலும் இருக்கிறது. அந்த வண்டிகள் ஊரெங்கும் ஓடுவதால் பிஸ்டன், ரிங், கிளட்ச் பிளேட், டைமிங் செயின் போன்றவை சேலத்து உதிரிபாகக் கடைகளிலேயே கிடைத்தன. வண்டியின் பெயரைச் சொல்லிக் கேட்டால் ‘இல்லை’ என்ற பதிலே வரும். கழற்றிய பாகத்தைக் கையோடு எடுத்துச் சென்று மேசைமேல் வைத்து, பக்கத்தில் புதியதை வைத்து அளந்து பார்த்து வாங்க வேண்டும். சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து (போர் செய்து), புதிய பிஸ்டன் போட்டு, வால்வுகள் கசியாமல் பொருந்தும்படி தேய்த்து (லேப்பிங் செய்து), கேஸ்கெட் செட்டும் மாற்றியதற்கு, லேத் கூலி உட்பட 6,800 ரூபாய் ஆயிற்று. பழக்கமான மெக்கானிக் எவருக்கும் இந்த இஞ்சின் தெரிந்ததே என்பதால் கூலியிலும் பேரம் பேச இடமிருந்தது.

பெட்ரோலைக் காற்றோடு கலந்து இஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரையும் பெட்ரோல் டேங்க்கையும் நானே பார்த்துக்கொண்டேன். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும் தன்மையுடையது. அதை நிரப்பி நாள்கணக்கில் நிறுத்திவைத்த டேங்க்கின் அடியில் துரு படிந்திருப்பதும், கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் ஜெட் என்ற சிறு பித்தளைத் திருகின் துளைகளைப் பிசின் போன்ற கசடு அடைத்திருப்பதும் இயல்பே. ஜெட்டைக் கழற்றி கிளீனர் திரவத்தில் ஊறவைத்துக் காற்றடிக்க வேண்டுமே ஒழிய, அவசரப்பட்டுக் கம்பி விட்டுக் குத்தக் கூடாது; பித்தளை மென்மையான உலோகம் என்பதால் துளை பெரிதாகி, பெட்ரோல் செலவு நிரந்தரமாகக் கூடிவிடும். டேங்க்குக்கு வினிகரே போதுமானதாக இருந்தது. குழாய்த் துளையை அடைத்து, வினிகரை நிரப்பி, ஒரு கைப்பிடி நட்டு போல்ட்டுகளையும் உள்ளே போட்டு, இரண்டு நாள் வைத்திருந்து அவ்வப்போது குலுக்கினேன். பிறகு சோடா மாவு கரைத்த நீரால் இருமுறை கழுவி, நன்றாக உலர்த்தி, உடனே சிறிது எண்ணெய் விட்டுச் சுழற்ற வேண்டும். கழுவிய டேங்க்கை அப்படியே வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனால், திரும்பி வருவதற்குள் மறுபடியும் செம்பழுப்பு ஏறியிருக்கும். இந்த வேலை முழுவதற்கும் 200 ரூபாய்கூட ஆகவில்லை.

சிக்கனத்தால் நான் கெட்டது முன் ஃபோர்க்கில். ஃபோர்க் பைப்பில் துருப் புள்ளிகள் இருந்தன. ஹார்ட் குரோம் பூசித் தேய்த்துத் தருவதற்கான கூலியை மிச்சப்படுத்த எண்ணி, உப்புத்தாளால் புள்ளிகளைத் தேய்த்துவிட்டுப் எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீலைப் புதிதாகப் போட்டேன். தேய்த்தால் புள்ளியின் மேடு போகுமே தவிர, பள்ளம் நிறையாது. ஃபோர்க் இறங்கி ஏறும் ஒவ்வொரு முறையும் அந்தப் பள்ளத்தின் விளிம்பு சீலின் உதட்டை அறுக்கிறது. மூன்றே வாரத்தில் எண்ணெய் கசிந்து முன்சக்கரத்தின் டிஸ்க்கில் சொட்டத் தொடங்கியதால், பிரேக் பேடையும் சேர்த்து மாற்ற நேர்ந்தது. பிறகு குரோம் பூசி, சீல்களையும் எண்ணெயையும் மறுபடி மாற்றியதோடு இந்த ஒரு பகுதிக்கு மட்டும் 3,200 ரூபாய் போயிற்று. நீண்ட தூரம் இறங்கும் ஃபோர்க் என்பதே இந்த வண்டியின் சிறப்பு என்பதால், பணம் எங்கே குறைந்தாலும் இங்கே குறையக் கூடாது.

டயரைத் தேடி அலைய வேண்டியிருக்கும் என்று பயந்திருந்தேன். முன்சக்கரத்துக்கு 90/90-19 என்ற அளவு. 2021க்கு முந்தைய ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350இன் முன் டயரும் இதே அளவு என்பதால் எந்த ஊரிலும் கிடைக்கிறது. பின்சக்கரத்துக்கு 110/90-17. எக்ஸ்பல்ஸின் டயர்கள் 21, 18 அங்குல ரிம்களுக்கானவை. அவற்றை வாங்கிவந்து பொருத்தலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இரண்டு டயர்களுக்கும் டியூப்களுக்கும் 5,800 ரூபாய் கொடுத்தேன். ஸ்போக்ஸ் கம்பிகளில் பாதி துருவேறியிருந்தன. அவற்றை மாற்றிக் கோட்டம் எடுத்துத் தந்தவர் சைக்கிள் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவர். அலாய் சக்கரங்களின் காலத்தில் இந்தக் கைவேலை தெரிந்தவர்கள் குறைந்துவருகிறார்கள் என்பதால், வண்டி வாங்கும் முன்பே உங்கள் ஊரில் அப்படி ஒருவர் இருக்கிறாரா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

இனி பிளாஸ்டிக். இம்பல்ஸின் மேலுடல் பாகங்கள் வேறு எந்த வண்டியோடும் பொருந்தாதவை. என் வண்டியில் இடப்பக்க டேங்க் கவர் இல்லை. அந்த ஒரு துண்டுக்காக ஆறு வாரம் வண்டி நின்றது. பழைய உதிரிபாகக் கடைகள் நிறைந்த சென்னை புதுப்பேட்டையில் விசாரித்து, ஒரு கடைக்காரர் அனுப்பிய படத்தைப் பார்த்து 2,200 ரூபாய் அனுப்பினேன். வந்த கவரின் உட்பக்கத்தில் பொருத்தும் காது உடைந்து, பசையால் ஒட்டப்பட்டிருந்தது. படத்தில் வெளிப்பக்கம் மட்டுமே தெரிந்ததற்கு என் ஏமாளித்தனமும் ஒரு காரணம். உட்பக்கத்தையும் காதுகளையும் படமெடுத்து அனுப்பச் சொல்லாமல் பணம் அனுப்பவே கூடாது. அதைச் சீர்செய்யும் வழியைப் பின்னர்தான் கற்றேன். இத்தகைய பாகங்களின் உட்பக்கத்தில் பிளாஸ்டிக் வகையின் குறி பெரும்பாலும் பொறிக்கப்பட்டிருக்கும். ஏபிஎஸ் என்றிருந்தால், அதே வகைச் சில்லுகளை அசிட்டோனில் கரைத்துக் கூழாக்கிப் பூசலாம். காய்ந்ததும் அது உடலோடு ஒன்றிவிடுகிறது. மட்கார்டுகளில் அதிகம் காணப்படும் பிபி வகையை அசிட்டோன் கரைக்காது. அதைச் சூட்டுக்கோல் கொண்டு உருக்கித்தான் இணைக்க வேண்டும். குறியைப் பார்க்காமல் பசை வாங்கி வீணடிப்பவர்கள் ஏராளம்.

பெயர் மாற்றத்துக்கு 29, 30ஆம் எண் படிவங்களில் பழைய உரிமையாளரின் கையெழுத்தைப் பணம் கொடுக்கும் அன்றே வாங்கிவிட வேண்டும். பதிவின் ஆயுள் 15 ஆண்டுகள் என்பதால், 2011, 2012இல் பதிவான வண்டிகளுக்குப் புதுப்பிக்கும் ஆண்டுகள் 2026, 2027. 2022 ஏப்ரல் முதல் இருசக்கர வாகனத்துக்கான மறுபதிவுக் கட்டணம் 300 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாக உயர்ந்தது. புதுப்பித்த பதிவு ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். இந்தச் செலவை வண்டி விலையோடு சேர்த்துப் பேரம் பேசுங்கள். நிறத்தை மாற்றினால் ஆர்சியிலும் மாற்ற வேண்டும் என்பதால், நான் பழைய சிவப்பையே மறுபடி அடித்தேன்.

ஓட்டிப் பார்த்ததில், 13.2 பிஎஸ் (குதிரைத்திறன் அளவு) ஆற்றல் 134 கிலோ எடைக்குச் சற்றுக் குறைவுதான் என்று தோன்றுகிறது. தார்ச்சாலையில் மணிக்கு 80 கி.மீ. வேகத்தைத் தாண்டியதும் இஞ்சின் மூச்சு வாங்குகிறது; நான்குவழிச் சாலையில் லாரியை முந்துவதற்கு நிதானம் தேவை. ஏற்காட்டுக்கு ஏறும் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் இரண்டாவது, மூன்றாவது கியர்களை மாற்றி மாற்றிப் போட வேண்டியிருந்தது. ஆனால் மேலே சென்று காப்பித் தோட்டத்து மண்பாதையில் இறங்கியதும், இதே வண்டியா என்று வியக்கும்படி அதன் குணம் மாறிவிடுகிறது. மழைநீர் அறுத்த பள்ளங்களில் நின்றுகொண்டே ஓட்டினேன். கைப்பிடி வெட்டவில்லை, அடிப்பகுதி எங்கும் இடிக்கவில்லை. நான் விசாரித்த பழைய எக்ஸ்பல்ஸ் எதுவும் 56,150 ரூபாய்க்குக் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், செலவு மிகுந்துபோனதில் எனக்கு வருத்தமில்லை.

இருக்கையின் உயரம் 836 மி.மீ. ஐந்தரை அடிக்குக் குறைவானவர்களுக்குக் கால் முழுவதும் தரையில் பதியாது. இருக்கையின் பஞ்சை வெட்டிக் குறைக்கும் முன் ஒரு முறை மண்பாதையில் ஓட்டிப் பார்த்துவிடுங்கள். நான் முதலிலேயே வெட்டிவிட்டு, நாற்பது கிலோமீட்டர் ஓட்டிய பின் 900 ரூபாய் கொடுத்துப் புதுப் பஞ்சு வைத்தேன்.