கண் ஊசி போடுகிறவர்கள் மருந்துப் பெட்டியைக் கேட்டுப் பாருங்கள்

மும்பை மாட்டுங்காவில் எங்கள் வீட்டு வாசலில் அம்மா போடும் புள்ளிக்கோலம் போன வருஷம் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு போனது. கேட்டால், "நான் நேராத்தான் இழுக்கறேன், கோடுதான் வளைஞ்சு தெரியறது" என்றாள். வயது 74. ஸ்கேன் எடுத்ததில் விழித்திரையின் நடுவே, மாக்குலாவில், நீர் கசிந்திருந்தது. வயதால் வரும் மாக்குலா சிதைவில் ஈர வகை. மாதம் ஒன்றாக மூன்று ஊசி, அப்புறம் ஸ்கேன் பார்த்து மேலே, என்றார்கள்.

ரானிபிசுமாப் என்கிற மருந்து என்று சொல்லி ஊசிக்கு 22,000 ரூபாய் வாங்கினார்கள். மூன்றும் போட்டாயிற்று. இன்சூரன்ஸ்காரர்கள் பேட்ச் நம்பரும் பெட்டியின் ஸ்டிக்கரும் கேட்டார்கள். மருத்துவமனையில் "பெட்டியைத் தூக்கிப் போட்டுட்டோம்" என்றார்கள். நாலு தடவை நடந்தேன். கடைசியில் கேஸ் ஷீட் நகல் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். (கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002ஆம் வருட நடத்தை விதி சொல்கிறது.) மூன்று தேதிக்கும் நேராகப் பேனாவில் 'அவாஸ்டின் 1.25 மி.கி.' என்றிருந்தது.

அவாஸ்டின் மோசமான மருந்து இல்லை. குடல் புற்றுநோய்க்கு வந்தது, கண்ணுக்கும் பல நாடுகளில் போடுகிறார்கள். 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வில் பார்வையைக் காப்பதில் இரண்டும் ஏறக்குறைய சமமாகவே இருந்தன. ஒரு குப்பியைப் பல சிரிஞ்சுகளாகப் பிரிப்பதால் விலையும் மிகக் குறைவு. சொல்லியிருந்தால் சரி என்றிருப்போம். ஆனால் பிரிக்கும்போது சுத்தம் தவறினால் கண்ணுக்குள் கிருமி போய்விடும், பார்வையே போகலாம். அதைத் தெரிந்துகொண்டு சம்மதிக்க வேண்டியவள் அம்மா. அவளிடம் கையெழுத்து வாங்கியது வேறு மருந்துக்கு.

ஊசிக்கு முன்னால் சீல் உடைக்காத பெட்டியைக் காட்டச் சொல்லுங்கள். பெயர், பேட்ச் நம்பர், காலாவதி தேதி எல்லாம் தெரிகிற மாதிரி மொபைலில் படம் எடுங்கள். சிரிஞ்சுகளாகப் பிரித்த மருந்துதான் என்றால் அதையும் பில்லில் பெயரோடு எழுதி வாங்குங்கள். போட்டபின் வலி கூடி, கண் சிவந்து, பார்வை மங்கினால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், உடனே ஓடுங்கள். கோபத்தில் ஊசியை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். நாங்கள் சண்டை போட்டு அலைந்த இரண்டு மாதத்தில் அம்மாவின் கண்ணில் மறுபடி நீர் சேர்ந்துவிட்டது.

இப்போது சயானில் வேறு டாக்டர். போன வாரம் நர்ஸ் பெட்டியை அம்மாவின் கையில் கொடுத்தார். அவள் சீலைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். பழைய இடத்திலிருந்து இரண்டு ஊசிக்கான வித்தியாசப் பணம் வந்தது. மூன்றாவதுக்கு 1915க்கு அழைத்து நுகர்வோர் புகார் பதிந்திருக்கிறேன்.